சனிக்கிழமை இரும்பு

பக்தவச்சலத்தின் மனைவி ஜோதிலட்சுமிக்குக் கைத்துப்பாக்கி வாங்க லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்ற செய்தி பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் பரவியதும், தெரு முழுக்க பக்தவச்சலத்தைத்தான் பரிதாபமாகப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தி, "சார், இனிமே குப்பையை நீங்களே கொண்டுபோய்ப் போட்டுடுங்க. எதுக்கு வம்பு?" என்று அறிவுரை சொன்னார். பால் போடுகிறவர் பாக்கெட்டை வீசுவதை நிறுத்திவிட்டு மெதுவாக வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

"விளையாட்டுக்குங்க. குறி பாத்துச் சுடற போட்டிக்கு" என்று பக்தவச்சலம் நாளொன்றுக்கு நாலு பேருக்காவது விளக்கினார். நாலு பேரும் நம்பிய மாதிரி தலையாட்டினார்கள்.

எல்லாம் ஒரு கோடை விடுமுறையில் ஆரம்பித்தது. மகளைத் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்த்தார்கள். மகள் மூன்றாம் நாள் "போர்" என்று நின்றுவிட்டாள். கட்டின பணம் வீணாகக் கூடாதே என்று மிச்ச நாளுக்கு ஜோதிலட்சுமி போனாள். தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருஷமாக மற்றவர்களின் நரம்பைத் தேடி ஊசி குத்துகிற கை அவளுடையது, ஆடாது. பயிற்சியாளர் ரோஸி மேடம் முதல் வாரமே அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாள் எங்க இருந்தீங்க?" என்று கேட்டாராம். அதை ஜோதிலட்சுமி வீட்டில் வந்து சொன்னபோது முகம் சிவந்திருந்தது. கல்யாணம் ஆகி இருபது வருஷத்தில் பக்தவச்சலம் அந்தச் சிவப்பை அதிகம் பார்த்ததில்லை. யாரோ ஒரு ரோஸி மேடம் மேல் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

காற்றுத் துப்பாக்கியில் இரண்டு வருஷம். அப்புறம் நிஜத் தோட்டா போடுகிற பாயிண்ட் டூ டூ பிஸ்டல். கிளப்பில் அது ஒன்றே ஒன்று, ஆறு பேருக்குப் பொது. அதன் மரப்பிடி யாரோ ஆறடி ஆளுக்காகச் செதுக்கியது. "சொந்தமா ஒண்ணு இல்லாம இதுக்கு மேல ஏற முடியாது" என்றார் ரோஸி மேடம். இன்னொன்றும் சொன்னார்: ஜோதிலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது. நாற்பத்தைந்தைத் தொட்டால் துப்பாக்கி நுனியிலுள்ள முன்குறி கண்ணுக்கு மங்க ஆரம்பிக்கும். மாநிலப் போட்டியில் இறங்குவதானால் அதற்குள்.

லைசென்ஸுக்கு விண்ணப்பித்து இரண்டு வருஷம் ஓடியது. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் சண்டை வருமா?" என்று கேட்டார். "வரும் சார். ஆனா அவர் தோத்துடுவார்" என்றாள் ஜோதிலட்சுமி. போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். கடைசியில் வந்த லைசென்ஸில் ஒரு கெடு இருந்தது: ஏப்ரல் முப்பதுக்குள் துப்பாக்கி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் திரும்ப முதலிலிருந்து.

கெடுவுக்கு மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதம் தாராளம் என்று நினைத்தார்கள். பக்தவச்சலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் அப்படி நினைக்கக் கூடாது.

அவர் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவர். வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, மயிரிழை கூடினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் தூர வைப்பதுதான் வேலை. வீட்டில் மிக்சி வாங்கவே நாலு மாதம் எடுத்துக்கொண்ட மனிதர். ஆயுளில் ஒருமுறைகூடத் துப்பாக்கியைத் தொட்டதில்லை; கிளப் பக்கம் போனதும் இல்லை. ஆனால் இரண்டே வாரத்தில் இருபத்தேழு பத்திகள் கொண்ட ஓர் எக்செல் அட்டவணை தயாரித்து, ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பெடுத்தார். மாணவி ஒருத்திதான், மாமியார் ரேணுகாம்பாள். கோவளத்திலிருந்து மீன் கூடையோடு வந்து பெண் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தவள்.

"இதுக்குப் பேரு சிங்கிள் ஆக்‌ஷன் அத்தை. மேல் பாகத்த ஒரு தடவ பின்னால இழுத்து விட்டா உள்ள ஒரு குட்டிச் சுத்தியல் எழும்பி ரெடியா நிக்கும். அப்புறம் ஒவ்வொரு தடவ சுடும்போதும் அதுவே பின்னால போய் வந்து, அடுத்த தோட்டாவ ஏத்தி, சுத்திய எழுப்பி வச்சுக்கும். விரல் வைக்கற விசைக்கு ஒரே ஒரு வேலைதான். எழும்பி நிக்கிற சுத்திய விடணும், அவ்ளோதான். அதனால விசை இலேசா இருக்கும், கை ஆடாது."

"மத்த வேலையெல்லாம் வேற எதுனா செஞ்சு வெச்சுடும். இது கடைசியா வந்து ஒண்ணே ஒண்ணு செய்யும்."

"கரெக்ட் அத்தை."

"இதுக்கா மாப்ள வெளிய போயி தேடிகினு கீறீங்கோ? நம்ம வூட்லயே ஒண்ணு குந்திகினு கீதே!"

சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தமும் ஜோதிலட்சுமியின் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன.

பிப்ரவரியில் பாரிமுனைப் பக்கம் ஞானையாவின் துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். ஞானையாவுக்கு எழுபது வயதிருக்கும். நாலு தலைமுறைக் கடை. மரியாதைக்காரர். பச்சைத் துணியை விரித்து, பெட்டியைத் திறந்து, ஜெர்மன் பிஸ்டல் ஒன்றை எடுத்து, காலியாக இருப்பதை இரண்டு முறை காட்டி, மிகப் பணிவாக பக்தவச்சலத்திடம் நீட்டினார்.

"புடிச்சுப் பாருங்க சார்."

"லைசென்ஸ் எனக்குங்க" என்றாள் ஜோதிலட்சுமி.

"தெரியும்மா. சார் பாக்கட்டும்."

சார் பார்த்தார். அதுதான் தப்பு. ஜோதிலட்சுமி, 'அவர்கிட்ட இல்ல, என்கிட்ட' என்கிற கண்ணோடு நிற்கும்போது, அவர் பிஸ்டலைத் தூக்கி எடை பார்த்து, பொருத்தங்களில் நகத்தை ஓட்டி, "ஃபிட்டிங் பிரமாதம்" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம்தான் அது அவள் கைக்குப் போனது. அவள் கையை நீட்டி, கொஞ்ச நேரம் நிறுத்தி, இறக்கினாள்.

"முன்பக்கம் கனமா இருக்கு."

"பழகிடும் ஜோதி. அட்டவணைல இதுக்குத்தான் தொண்ணூத்தி ரெண்டு மார்க்."

"மணிக்கட்ட இழுக்குதுங்க."

"இழுக்கத்தான் செய்யும். ஜெர்மன்காரன் காரணமில்லாமலா வச்சிருப்பான்?"

ஜெர்மன்காரனை எதிர்த்துப் பேச அவளுக்கு அன்றைக்குத் தெம்பில்லை. காலையில் அறுபது பேருக்கு ரத்தம் எடுத்துவிட்டு வந்திருந்தாள். "சரி" என்றாள். ஞானையா பத்திரங்களைத் தயார் செய்துவிட்டுச் சொல்வதாகவும், அதுவரை பிஸ்டலை எடுத்து வைப்பதாகவும் சொன்னார். போன் நம்பர் கேட்டார். அதையும் சாரிடம்தான் கேட்டார்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்குத் தொழிற்சாலையில் அந்தப் போன் வந்தது.

"சார், எல்லாம் ரெடி. மேடத்தை லைசென்ஸோட கூட்டிட்டு வாங்க. மதியம் ரெண்டுக்குள்ள வந்தா கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயிடலாம்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பக்தவச்சலத்துக்கு மூடநம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டுவிட்டுப் போகிறவர். ராசிபலன் பார்க்கிற சக ஊழியர்களைக் கேலி செய்தே பெயர் வாங்கியவர். ஆனால் இருபத்திரண்டு வயதில், எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும், ஒரு சனிக்கிழமை பைக் வாங்கினார். சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஆணிகூட வாங்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை பெருங்களத்தூர் சிக்னலில் தண்ணி லாரி ஒன்று அவரை லேசாகத் தட்டியது. தோள்பட்டை எலும்பு இரண்டாகப் போயிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். ஆனால் அதற்குப் பிறகு சனிக்கிழமையில் ஒரு ஊசிகூட வாங்கியதில்லை.

அதிலும் இது சாதாரண இரும்பா? தோட்டா போகிற இரும்பு. அதுவும் ஜோதிலட்சுமியின் கைக்கு.

"இன்னைக்கு எனக்கு ஷிப்ட் இருக்கு. திங்கட்கிழமை வர்றோமே" என்றார்.

"உங்க இஷ்டம் சார். ஆனா இன்னைக்கே..."

"திங்கட்கிழமை."

சாயங்காலம் வீட்டில், "ஞானையா போன் பண்ணார். திங்கட்கிழமை வரச் சொன்னார்" என்றார். இரண்டே நாள்தானே. அதற்குள் வானமா இடிந்து விழப்போகிறது?

வானம் அன்றைக்கு மூன்று மணிக்கே இடிந்து விழுந்திருந்தது. டிவியில் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். பக்தவச்சலமும் அதைப் பார்த்தார். யார் யாரோடு கூட்டணி என்று, அந்த வாரமும் மீன் கூடையோடு வந்திருந்த மாமியாரிடம் விலாவாரியாக விவாதிக்கவும் செய்தார். தேர்தலுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு மட்டும் அவருடைய இருபத்தேழு பத்திகளில் எதிலும் இல்லை.

திங்கட்கிழமை கடைக்குள் நுழைந்தபோது ஞானையா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"இப்ப வந்து நிக்கிறீங்களே சார்! தேர்தல் முடியற வரைக்கும் எதையும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அலமாரியெல்லாம் பூட்டி சாவி ஸ்டேஷன்ல. ஊர்ல லைசென்ஸ் வச்சிருக்கறவங்களே கொண்டுபோய் ஒப்படைச்சிட்டிருக்காங்க."

"எப்ப முடியும்?" என்றாள் ஜோதிலட்சுமி.

"ஓட்டு எண்ணி, எல்லாம் அடங்க ஜூன் ஆகிடும்மா."

"என் கெடு ஏப்ரல் முப்பது."

"அதான் சனிக்கிழமை காலையிலேயே சாருக்குப் போன் பண்ணேன். ரெண்டு மணிக்குள்ள வாங்கன்னு. சார்தான் திங்கட்கிழமைன்னுட்டார்."

ஜோதிலட்சுமி பக்தவச்சலத்தின் பக்கம் திரும்பினாள். கடையில் இருந்த அத்தனை துப்பாக்கிகளும் பூட்டி வைக்கப்பட்டிருந்தது நல்லதுக்குத்தான் என்று அவருக்குத் தோன்றியது.

திரும்பும் மின்சார ரயிலில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். கிண்டியில் கூட்டம் ஏறியது. பரங்கிமலையில், "ஏன்?" என்றாள்.

"ஷிப்ட்..."

"பொய் சொன்னீங்கன்னா பல்லாவரத்துல இறங்கிடுவேன்."

"சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாதுன்னு..."

கோபம் எல்லை மீறினால் ஜோதிலட்சுமியின் தமிழ் தாம்பரத்தை விட்டுவிட்டுக் கோவளத்துக்குப் போய்விடும். போயிற்று.

"இன்னாது? ரெண்டு வர்சம் ஒவ்வொரு ஆபீசா ஏறி எறங்குனேன். ரெண்டு வர்சம்! சனிக்கெயமைன்னு திருப்பி அனுப்ச்சியா? தெனம் ஃபேக்டரில இரும்பத்தானே யா தடவிகினு கீற?"

"அது கம்பெனி இரும்பு ஜோதி. நாம வாங்கறதில்ல."

"அந்தத் துப்பாக்கில பாதி அலுமினியம்யா!"

எதிர்சீட்டில் இருந்தவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். பிறகு, எதுவும் கேட்காமலே, "எங்க வீட்லயும் சனிக்கிழமை வாங்க மாட்டோங்க" என்று பக்தவச்சலத்துக்கு ஆதரவு தெரிவித்தார். ஜோதிலட்சுமி பார்த்த பார்வையில் செய்தித்தாள் மறுபடி மேலே போனது.

குரோம்பேட்டை தாண்டியதும் அவள் குரல் இறங்கிவிட்டது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "எனக்குன்னு ஒண்ணு. அவ்ளோதான் கேட்டேன். இனிமே திரும்ப ரெண்டு வருஷம். அப்ப என் கண்ணு இப்படி இருக்காது."

வீட்டில் மாமியாராவது தன் பக்கம் பேசுவாள் என்று பக்தவச்சலம் ஒரு நப்பாசை வைத்திருந்தார். வெள்ளி செவ்வாய் விடாமல் எல்லையம்மன் கோயிலுக்குப் போகிறவள் ஆயிற்றே.

ரேணுகாம்பாள் முழுக்கதையையும் கேட்டாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். "எங்கூட்டு மீன் போட்டுக்கு எஞ்சினு சனிக்கெயமதான் எடுத்தாந்தாங்கோ. பதினாறு வர்சமா ஓடிகினு கீது. நாளும் கெயமையும் பாத்துகினு குந்தினா மீனு நாறிப்பூடும் மாப்ள." பிறகு மாப்பிள்ளையை மோவாயால் காட்டி மகளைப் பார்த்தாள். "இத்த எந்தக் கெயமைல புடிச்சோம், நெனப்பு கீதா?"

"வளர்பிறை, வெள்ளிக்கிழமை" என்றாள் ஜோதிலட்சுமி.

"பாத்தியா?"

மறுநாள் பக்தவச்சலம் ரோஸி மேடத்துக்குத் தானே போன் செய்தார். போட்டிக்குப் போய்ச் சுடுகிறவர்களுக்குத் தேர்தல் சமயத்திலும் விலக்கு கேட்கலாம் என்றும், ஆனால் கிளப் கடிதம், மாநிலத் துப்பாக்கிச் சங்கத்தின் சிபாரிசு, அதன்மேல் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் உத்தரவு என்று மூன்று படி ஏற வேண்டும் என்றும் அவர் சொன்னார். "யார் அலைவாங்க சார் இதுக்கு?" என்றார்.

"ஒருத்தன் இருக்கான் மேடம். அவனுக்கு நல்லா வேணும்" என்றார் பக்தவச்சலம்.

லீவு கேட்டபோது மேனேஜர் காரணம் கேட்டார். "வீட்டம்மாவுக்குத் துப்பாக்கி" என்றார். லீவு உடனே கிடைத்தது. எத்தனை நாள் என்றுகூடக் கேட்கவில்லை. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலுமாக ஒன்பது நாள். கிளப், சங்கம், அலுவலகம். அலுவலகத்தில் பாதிப்பேர் தேர்தல் வேலைக்குப் போயிருந்தார்கள். மீதிப்பேர் அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டு எரிந்து விழுந்தார்கள். கத்தரி வெயில் வரும் முன்பே கத்தரி வெயில் அடித்தது. நகல் கேட்டார்கள். நகலின் நகல் கேட்டார்கள். ஜோதிலட்சுமி கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் மட்டும் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் அவரோடு பேசியது, "குழம்பு ஊத்தவா?", "கேஸ் புக் பண்ணியாச்சா?" ஆகிய இரண்டு கேள்விகள்தாம்.

ஆறாவது முறை போனபோது கவுண்டரில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "துப்பாக்கி அவங்களுக்கு. நீங்க ஏன் சார் தினம் வந்து நிக்கிறீங்க?" என்றார்.

பக்தவச்சலம் சொன்னார். சனிக்கிழமையிலிருந்து முழுவதும் சொன்னார்.

அந்த அம்மா கேட்டுவிட்டு, "எங்க வீட்டுக்காரர் அமாவாசைன்னு என் கார் டெலிவரியைத் தள்ளிப் போட்டார். கலர் மாறி வந்துடுச்சு" என்று சொல்லி, கோப்பை அடியிலிருந்து உருவி மேலே வைத்தார்.

ஓட்டுப் போட்ட மை விரலில் காய்வதற்குள் உத்தரவு வந்துவிட்டது. கெடுவுக்கு நாலு நாள் பாக்கி. பக்தவச்சலம் வெற்றிவீரராக ஞானையாவுக்குப் போன் போட்டார்.

"பேப்பர் வந்தது சந்தோஷம் சார். ஆனா அந்த ஜெர்மன் பிஸ்டல் போயிடுச்சு. மதுரைக்காரர் ஒருத்தர் உங்களுக்கு முன்னாடியே விலக்கு உத்தரவோட வந்து வாங்கிட்டார். இப்ப என்கிட்ட பழசு மூணு இருக்கு. வந்து பாருங்க."

தொண்ணூற்றிரண்டு மார்க் மதுரைக்குப் போய்விட்டது. இதை எப்படிச் சொல்வது என்று பக்தவச்சலம் இரவுச் சாப்பாடு வரை ஒத்திகை பார்த்தார். சொன்னதும் ஜோதிலட்சுமி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள்.

"போகட்டும்" என்றாள். "நாளைக்குப் போலாம். பதினோரு மணிக்கு."

நாளைக்கு வெள்ளிக்கிழமை. பதினோரு மணி என்றால் நட்ட நடு ராகுகாலம். அவள் வேண்டுமென்றேதான் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரிந்தது. பக்தவச்சலம் ஒரு கவளம் சோற்றோடு அதையும் சேர்த்து விழுங்கினார்.

"அப்புறம், நீங்க கடைக்குள்ள வரக் கூடாது."

கடைக்கு எதிரே டீக்கடை இருந்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு டீ. இன்னொரு டீ. ஒரு வாழைக்காய் பஜ்ஜி. கண்ணாடிக் கதவு வழியாக, பச்சைத் துணிக்கு முன்னால் நிற்கிற ஜோதிலட்சுமியின் பக்கவாட்டு மட்டும் தெரிந்தது. கைப்பையைக் கழற்றி வைத்தாள். இடதுகையைச் சுடிதாரின் பாக்கெட்டில் விட்டுக்கொண்டாள். வலதுகையைச் சுவரை நோக்கி நீட்டினாள்.

நிறுத்தினாள்.

பக்தவச்சலம் டீ கிளாஸை உதட்டில் வைத்தபடியே பார்த்தார். துப்பாக்கிகளைப் பற்றி இருநூறு பக்கம் படித்திருந்தார். இவள் துப்பாக்கி பிடித்து நிற்பதை ஒருமுறையாவது போய்ப் பார்த்ததில்லை. தோளிலிருந்து குறி வரை ஒரு கோடு. ஆட்டோ போனது, சைக்கிள் போனது, சரக்கு வண்டிக்காரன் ஒருவன் ஹாரனைப் பிய்த்தான். அந்தக் கோடு ஆடவில்லை. இறக்கினாள். இன்னொன்றை எடுத்தாள். மறுபடி நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு நீட்டி, நிறுத்தி, அப்புறம் கண்ணைத் திறந்து குறி எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். இந்தச் சோதனை அவருடைய அட்டவணையில் இல்லவே இல்லை.

முக்கால் மணி கழித்து ஞானையா வாசலுக்கு வந்து சாலையைத் தாண்டிக் குரல் கொடுத்தார். "சார், கொஞ்சம் உள்ள வாங்களேன். மேடம் எதையோ புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை..."

"அவங்க கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நான் டீ குடிக்கிறேன்" என்றார். மூன்றாவது டீ. நெஞ்செல்லாம் எரிந்தது.

கடைசியில் அவளே கதவைத் திறந்து கையசைத்தாள். "வாங்க. பாக்க மட்டும்."

பச்சைத் துணியில் கிடந்தது ஓர் இத்தாலிப் பிஸ்டல். மேல்பூச்சு தேய்ந்து ஓரமெல்லாம் வெள்ளை அடித்திருந்தது. மரப்பிடியில் முன்பு வைத்திருந்த யாரோ மரத்தூளும் பசையும் குழைத்து அப்பியிருந்தார்கள், குழந்தை களிமண்ணில் செய்த மாதிரி. தொழிற்சாலையில் இது வந்தால் அளக்கவே வேண்டாம். பார்த்தவுடன் சிவப்புச் சீட்டு.

"உள்ள எல்லாம் நல்லா இருக்கு சார், விசை வெண்ணெய். ஆனா பாக்கறதுக்கு..." என்று ஞானையா இழுத்தார்.

"இன்னா, ஒண்ணும் சொல்லலியா?" என்றாள் ஜோதிலட்சுமி.

பக்தவச்சலத்தின் வாயில் பதினான்கு குறைகள் வரிசையில் நின்று தள்ளிக்கொண்டிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"மணிக்கட்ட இழுக்குதா?"

"இல்ல."

"அப்ப சரி."

ஞானையா பதிவேட்டைத் திறந்து பழக்க தோஷத்தில் பக்தவச்சலத்தின் பக்கம் நகர்த்தினார். ஜோதிலட்சுமி அதைத் தன் பக்கம் திருப்பி, பேனாவையும் எடுத்துக்கொண்டு, நிதானமாக நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ரயிலில் பெட்டி அவள் மடியில் இருந்தது. "கொண்டா, நான் வச்சுக்கறேன்" என்றதற்கு, "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். அவருக்கு அவளுடைய டிபன் பை கிடைத்தது. சைதாப்பேட்டை வரை தாக்குப் பிடித்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"அந்தப் பிடில அப்பியிருக்கானே, அது கேவலமா இருக்கு ஜோதி. கட்டைவிரல் பக்கம் ரெண்டு மில்லியாவது தூக்கலா இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எடுத்த?"

"மத்த ரெண்டுலயும் தேய்க்கறதுக்கு மரமே இல்ல. இதுல இருக்கு. பிடிய மட்டும் தனியா கழட்டிக்கலாம்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஞாயித்துக்கெயம உப்புத்தாளும் உங்க வெர்னியரும் எடுத்து வைங்க. நான் சொல்ற எடத்துல மட்டும் தேய்க்கணும்."

"ரெண்டு மில்லி..."

"நான் சொல்ற எடத்துல."

"எவ்ளோ தேய்க்கணும்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

பக்தவச்சலம் டிபன் பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார். உப்புத்தாள் எந்த நம்பர் வாங்குவது என்று யோசிக்க ஆரம்பித்தார். எண்பதில் ஆரம்பித்து நானூறு வரை ஐந்து வகை இருக்கிறது. ஓர் அட்டவணை போட்டால் தெளிவாகிவிடும்.